ஏற்றத்தில் துணை, இறக்கத்தில் பார்வையாளன்

ஏறத் தொடங்கியபோது நண்பன் மகளின் கல்லூரிக் கட்டணத்தைப் பற்றி முழு முழு வாக்கியங்களாகப் பேசிக்கொண்டு வந்தான். கால் மணி நேரத்தில் வாக்கியங்கள் பாதியாயின. அடுத்த வளைவில் வெறும் சொற்களாயின. சரளைக்கல் மேடு வந்தபோது ‘ம்’ மட்டும் மிஞ்சியது. அது அவனுடையதா என்னுடையதா என்றுகூடச் சொல்ல முடியவில்லை.

உடற்பயிற்சி ஆய்வாளர்கள் இதற்குப் பேச்சுச் சோதனை என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் லா கிராஸ் வளாகத்தில் கார்ல் ஃபாஸ்டரும் அவருடைய குழுவினரும் இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். இயல்பாகப் பேச முடிகிற வரை உடல் தன் செலவைப் பெரும்பாலும் ஆக்சிஜனைக் கொண்டே சமாளிக்கிறது. வேலை கூடும்போது தசைகளில் லாக்டேட் சேர்கிறது. இரத்தத்தில் அமிலத்தன்மை ஏறாமலிருக்கக் கார்பன் டை ஆக்சைடை அவசரமாக வெளியேற்ற வேண்டியிருக்கிறது. மூச்சு திடீரென்று வேகமெடுக்கிறது. பேசுவதற்கோ மூச்சைக் கொஞ்சம் நிறுத்திப் பிடித்து, அளந்து விட வேண்டும். அதற்கு உடல் இப்போது சம்மதிப்பதில்லை. ஆய்வகத்தில் முகமூடி மாட்டி அளக்கும் அந்த எல்லையும், பேச்சு தடுமாறும் இடமும் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கின்றன. ஆகவே மலையேறும்போது அருகில் வரும் நண்பன் செலவில்லாத ஓர் அளவுகருவி. தனியாகப் போகிறவன் யாரிடம் பேசிப் பார்ப்பான்?

நாங்கள் ஏறிக்கொண்டிருந்தது கலிஃபோர்னியாவில். சான் பிரான்சிஸ்கோவிலிருந்து கோல்டன் கேட் பாலத்தைத் தாண்டி வடக்கே போனால் வரும் மரின் கவுன்டியில், ஃபேர்ஃபாக்ஸ் என்ற சிற்றூருக்கு மேலேயுள்ள பைன் மவுன்டன் சரிவு. மலைச் சைக்கிள் என்ற பண்டம் உருவான வட்டாரம் அது. நண்பன் அந்தப் பக்கம் இருபது வருடமாக இருக்கிறான். நான் பத்து நாள் விருந்தாளி. அவனுக்குப் புது வண்டி, எனக்கு அவனுடைய பழைய வண்டி. இரண்டு பேரும் ஒரே தெருவில், மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்த சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுப் பழகியவர்கள். அந்தப் பழக்கம் இந்தக் கதையில் பிறகு ஒரு வேலை செய்யப்போகிறது.

அந்த மேட்டில் எனக்கு ஒரு கேள்வி வந்தது. தனியாக வந்திருந்தால் பாதியில் இறங்கி உருட்டியிருப்பேன். இவன் பக்கத்தில் வந்ததால் இறங்கவில்லை. இவன் எனக்கு என்ன கொடுத்தான்?

தார்ச்சாலையில் இந்தக் கேள்விக்கு எளிய பதில் உண்டு. சமதளத்தில் மணிக்கு 35 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவரின் உழைப்பில் முக்கால் பங்குக்கும் மேல் காற்றைத் தள்ளவே செலவாகிறது. முன்னால் ஒருவர் போனால் அவர் முதுகு காற்றைக் கிழித்துக்கொடுக்கும். பின்னால் ஒட்டிப் போகிறவருக்குக் கால் பங்கு உழைப்பு, சில நேரம் அதற்கு மேலும் மிச்சம். பந்தயங்களில் அத்தனை பேரும் ஒரு கூட்டமாக ஒட்டிப் பறப்பது இதற்காகத்தான்.

மலையில் இந்தக் கணக்கு செல்லாது. 10 மீட்டர் போனால் 1 மீட்டர் உயரும் மேடு, ஆளும் வண்டியும் தண்ணீர்ப் புட்டியும் சேர்ந்து 85 கிலோ, வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். இத்தனை எடையை உயர்த்த மட்டும் சுமார் 160 வாட் வேண்டும். பொடிக்கல்லில் டயர் அமுங்கி எழுவதற்கு இன்னொரு 30 வாட். காற்றுக்கு எவ்வளவு? 2 வாட். நண்பனின் முதுகு அதில் பாதியை மிச்சப்படுத்தினாலும் 1 வாட்தான். ஒரு சின்ன இரவு விளக்குக்குத்தான் அது போதும். ஆக, மேட்டில் அவன் எனக்குக் கொடுத்தது காற்றோடு சம்பந்தப்பட்டதே அல்ல. அது வேறு எங்கோ இருக்கிறது.

இதே கேள்வியை ஒருவர் 19ஆம் நூற்றாண்டிலேயே பிடித்துக்கொண்டார். இந்தியானா பல்கலைக்கழகத்தில் இருந்த நார்மன் டிரிப்லெட் சைக்கிள் பந்தயப் பித்தர். 1897ஆம் ஆண்டுப் பந்தயங்களின் அதிகாரபூர்வப் பதிவேடுகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒப்பிட்டார். கடிகாரத்தை மட்டும் எதிர்த்து ஓட்டியவர்கள் மெதுவாக ஓட்டினார்கள். வேகம் காட்ட முன்னால் ஒரு வண்டி போனபோதும், போட்டியாளர் உடன் வந்தபோதும் அதே வகை ஆட்கள் கணிசமாக வேகம் கூட்டினார்கள். காற்று மறைப்பு ஒரு காரணம் என்பது அவருக்கும் தெரியும். அந்தக் காலத்தில் சொல்லப்பட்ட மற்றக் காரணங்களையும் வரிசையாக எழுதி வைத்தார். முன்னால் சுழலும் சக்கரத்தையே பார்ப்பதால் பின்னால் வருகிறவன் ஒருவித மயக்கநிலைக்குப் போய்விடுகிறான் என்பதும் அதில் ஒன்று. சாமியாடும் இடத்தில் உடுக்கைச் சத்தம் கேட்டு வளர்ந்த நமக்கு அது அப்படியொன்றும் கிறுக்குத்தனமாகத் தோன்றாது.

காற்றை விலக்கிவிட்டுப் பார்க்க டிரிப்லெட் ஒரு வழி கண்டார். சைக்கிளை விட்டுவிட்டு, மீன்பிடிக்கும் தூண்டில் உருளையை 40 குழந்தைகளிடம் கொடுத்துச் சுற்றச் சொன்னார். ஒரு முறை தனியாக, ஒரு முறை இன்னொரு குழந்தையோடு சேர்ந்து. 1898இல் வெளியான அந்தக் கட்டுரை சமூக உளவியலின் முதல் சோதனைகளில் ஒன்றாகப் பாடப்புத்தகங்களில் இடம்பெற்றது. பாதிக் குழந்தைகள் துணை இருக்கும்போது வேகமாகச் சுற்றினார்கள். இன்றைய புள்ளியியல் முறைகளில் அதே எண்களை 2005இல் மறுகணக்குப் போட்டபோது, வேறுபாடு மிகவும் மெலிது என்று தெரிந்தது. பாடப்புத்தகம் சொன்ன அளவுக்குத் தெளிவான வெற்றி அல்ல. ஆனால் எனக்கு அந்தக் கட்டுரையில் பிடித்தது வேகம் கூடிய இருபது பேர் அல்லர். துணை வந்ததும் கை விறைத்து, முகம் சிவந்து, மூச்சு முட்டி, தனியாகச் சுற்றியதைவிட மெதுவாகச் சுற்றிய பத்துக் குழந்தைகள்தான். அவர்களிடம் திரும்பி வருவோம்.

மேட்டைப் பற்றி இன்னும் ஒன்று. மனிதக் கண் சரிவை அளப்பதில் மகா பொய்யன். வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் டென்னிஸ் பிராஃபிட் 1995இல் காட்டியபடி, 5 பாகைச் சரிவைக் கீழே நின்று பார்ப்பவர்கள் 20 பாகை என்கிறார்கள். 10 பாகையை 30 என்கிறார்கள். மலையில் ‘செங்குத்து’ என்று நாம் அலறும் பாதைகள் பெரும்பாலும் 8, 10 பாகைதான். 2008இல் பிராஃபிட் உள்ளிட்ட சிலர் வெளியிட்ட ஆய்வில், பக்கத்தில் நண்பர் நின்றவர்களுக்கு அதே குன்று கொஞ்சம் குறைந்த சரிவாகத் தெரிந்தது. நட்பு எத்தனை பழையதோ அத்தனைக்குச் சரிவு குறைந்ததாம். கேட்க நன்றாக இருக்கிறது. நாங்கள் ஒருவரையொருவர் அறிந்து நாற்பது வருடம் ஆகிறது என்பதால் பைன் மவுன்டன் தட்டையாகவே தெரிந்திருக்க வேண்டும்.

எனக்கு இதில் முழு நம்பிக்கை இல்லை. இதே குழுவினர் முன்பு, முதுகில் கனத்த பை மாட்டினால் மேடு கூடுதலாகத் தெரிகிறது என்று காட்டியிருந்தார்கள். 2009இல் ஃபிராங்க் டர்ஜின் குழு ஒரு குறும்பு செய்தது. பைக்குள் இருப்பது தசையை அளக்கும் கருவி என்று ஒரு பிரிவினரிடம் நம்பும்படி ஒரு காரணம் சொன்னார்கள். உடனே பையின் விளைவு காணாமல் போனது. அதாவது, மேடு கூடுதலாகத் தெரியவில்லை. ஆய்வாளர் எதை எதிர்பார்க்கிறார் என்று ஊகித்தவர்கள் அதற்குத் தக்கபடி பதில் சொல்லியிருக்கிறார்கள். கண் மாறுகிறதா, வாய் மட்டும் மாறுகிறதா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. மேட்டில் நின்று யோசித்தால் எனக்கு வாய்தான் என்று படுகிறது. நண்பன் முன்னால் ‘ரொம்பச் செங்குத்துடா’ என்று சொல்ல யாருக்கு மனம் வரும்?

முகட்டை அடைந்தபோது வெயில் ஏறியிருந்தது. அங்கே மண் பச்சை கலந்த செர்பென்டைன் பாறையிலிருந்து வந்தது. அந்த மண்ணில் ஊட்டம் குறைவு, நிக்கல் போன்ற உலோகங்கள் அதிகம். அதனால் சார்ஜென்ட் சைப்ரஸ் மரங்கள் அங்கே வயசாகியும் ஆளுயரத்தில் நின்றுவிட்டிருக்கின்றன. அந்தக் குட்டைக் காட்டின் நிழலில் உட்கார்ந்து வாழைப்பழம் தின்றுவிட்டு, இறங்கும் பாதையின் வாயில் போய் நின்றோம். அதன் பெயர் ரீபேக்.

‘ரீபேக்’ என்றால் திரும்பவும் அடைப்பது. எதை அடைப்பது? கிரீஸை.

1970களில் ஃபேர்ஃபாக்ஸ் பகுதி இளைஞர்கள் 1930, 40களில் செய்த பழைய ஷ்வின் சைக்கிள்களைச் சில்லறைக் காசுக்கு வாங்கினார்கள். மட்கார்டு, கேரியர், மணி எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு மலைக்குக் கொண்டுபோனார்கள். பருத்த பலூன் டயர். இருபது கிலோவுக்கு மேல் கனம். முதலில் ஒரே பல்சக்கரம்தான், ஆகவே அது இறங்க மட்டும் தெரிந்த வண்டி. மேலே உருட்டிக்கொண்டு போனார்கள், அல்லது பிக்கப் லாரியில் ஏற்றிப் போனார்கள். யார் வேகமாக இறங்குவது என்ற வாய்ச்சண்டையைத் தீர்க்க, 1976 அக்டோபர் 21 அன்று அவர்களில் ஒருவரான சார்லி கெல்லி முதல் பந்தயத்தை நடத்தினார். ஒருவர் பின் ஒருவராக, இரண்டு நிமிட இடைவெளியில் அனுப்பிக் கடிகாரம் வைத்து அளந்தார்கள். ஒன்றாகக் கிளம்பினால் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள் என்பது அனுபவம். பாதையின் நீளம் 3.4 கிலோமீட்டர், இறக்கம் சுமார் 400 மீட்டர். அன்று ஆலன் பாண்ட்ஸ் ஜெயித்தார். விழாமல் வந்து சேர்ந்தவர் அவர் ஒருவர்தான். பிறகு கேரி ஃபிஷர் 4 நிமிடம் 22 விநாடியில் இறங்கி வைத்த சாதனை இன்னும் அவர் பெயரிலேயே இருக்கிறது. சராசரி மணிக்கு 46 கிலோமீட்டர். இன்று அந்தப் பாதையில் வேக வரம்பு 24 கிலோமீட்டர். போதாக்குறைக்கு, சைக்கிள் மலையேறிய இந்த வட்டாரத்திலேயே ஒற்றையடிப் பாதைகளில் பெரும்பாலானவை நெடுங்காலமாகச் சைக்கிளுக்குத் தடை. தீயணைப்பு வண்டி போக வெட்டிய அகலமான மண்சாலைகள்தான் மிச்சம். நடப்பவர்களுக்கும் குதிரைக்காரர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் நடக்கும் அந்த வழக்கு தனிக் கதை.

கிரீஸுக்கு வருகிறேன். அந்த வண்டிகளில் கையால் பிடிக்கும் பின்பிரேக் கிடையாது. பெடலைப் பின்னோக்கி மிதித்தால் பின்சக்கர ஹப்புக்குள் இருக்கும் கூம்பு நகர்ந்து, உலோகக் கட்டையை ஹப்பின் உட்சுவரில் அழுத்தும். உலோகத்தின் மேல் உலோகம் உரசும் இடம் என்பதால் உள்ளே நிறைய கிரீஸ் இருக்க வேண்டும். தெருமுனையில் நிறுத்த இது போதும். 400 மீட்டர் மலைக்கு?

ஆளும் வண்டியும் 90 கிலோ. 400 மீட்டர் உயரத்தில் அந்த எடைக்குள் ஒளிந்திருக்கும் ஆற்றல் சுமார் 350 கிலோஜூல். அடுப்பங்கரைக் கணக்கில், குழாயிலிருந்து பிடித்த ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தேவையான வெப்பம். கீழே வந்து நிற்கும்போது அது அத்தனையும் எங்காவது போயிருக்க வேண்டும். வேகமாகப் போகிறவருக்குப் பாதியைக் காற்றும் மண்ணும் எடுத்துக்கொள்ளும். மிச்சப் பாதி பிரேக்கின் தலையில். ஹப் ஒரு கிலோ எஃகு என்று வைத்துக்கொண்டால், வெப்பம் வெளியே போகாவிட்டால் அது 300 பாகைக்கு மேல் சூடேறும். கொஞ்சம் காற்றுக்குப் போகும், ஆகவே அத்தனை ஏறாது. ஆனாலும் கிரீஸ் உருகி, புகைந்து, ஆவியாகிப் போகப் போதுமான சூடு. பின்னால் புகை கக்கிக்கொண்டு கீழே வந்து சேர்ந்த வண்டியை அடுத்த முறை மேலே கொண்டுபோகும் முன் ஹப்பைப் பிரித்துப் புது கிரீஸ் அடைக்க வேண்டியிருந்தது. பாதைக்குப் பெயர் அப்படி விழுந்தது. நம் ஊர் சைக்கிள் கடையில் வருடத்துக்கு ஒருமுறை செய்யும் ஓவராயிலிங்கை அவர்கள் ஓர் இறக்கத்துக்கு ஒருமுறை செய்தார்கள்.

இன்றைய மலைச் சைக்கிளின் பாகங்களில் பாதி, அந்தச் சூட்டுக்கும் அந்தக் குலுக்கலுக்கும் ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த பதில்கள். கேரி ஃபிஷர் போன்றவர்கள் பல கியர்களை மாட்டி, அதே வண்டியை மேலேயும் ஓட்டிப்போக வழி செய்தார்கள். அதே கூட்டத்து ஜோ பிரீஸ் 1977இல் மலைக்கென்றே புதிதாக ஒரு சைக்கிள் சட்டம் (ஃபிரேம்) செய்தார். 1979இல் ஃபிஷரும் கெல்லியும் டாம் ரிச்சி செய்த சட்டங்களை வைத்துக் கடை திறந்தார்கள். 1981இல் ஸ்டம்ப்ஜம்பர் என்ற வண்டி தொழிற்சாலையிலிருந்து வந்தது. 1996 அட்லாண்டாவில் இந்த விளையாட்டு ஒலிம்பிக்கில் நுழைந்துவிட்டது. ஒரு வாய்ச்சண்டையிலிருந்து ஒலிம்பிக்குக்கு இருபது வருடம். பிரேக் ஹப்பை விட்டு வெளியே வந்து, காற்றில் சுழலும் மெல்லிய வட்டத் தகடாக மாறிவிட்டது. சூடு அதே சூடுதான். ஆறுவதற்கு இடம் கிடைத்திருக்கிறது.

டயரையும் சொல்ல வேண்டும். சாலைப் பந்தய டயரில் முன்பெல்லாம் 80 முதல் 100 பி.எஸ்.ஐ. வரை காற்றடிப்பார்கள். நண்பன் என் டயரில் வைத்தது 25, காரில் இருப்பதைவிடக் குறைவு. சக்கரத்தின் மேல் 40 கிலோ இருந்தால், 100 பி.எஸ்.ஐ. டயர் தரையில் ஒரு பெரிய தபால் தலை அளவுக்குத்தான் படியும். 25இல் அதன் நான்கு மடங்கு. பிடிமானம் மட்டுமல்ல காரியம். விறைத்த டயர் ஒவ்வொரு கல்லின் மேலும் ஆளையும் வண்டியையும் சேர்த்துத் தூக்கிப் போடும், அந்தத் தூக்கலுக்கு வேகம் செலவாகும். தொளதொளத்த டயரோ கல்லைத் தன் வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டு உருளும். கரடுமுரடான தரையில் மெத்தென்ற டயர் வேகமாகவும் போகிறது என்பதை வேக வண்டிக்காரர்கள் ஒத்துக்கொள்ளவே வெகுகாலம் ஆயிற்று.

இனி என் விஷயம்.

ரீபேக்கில் கேமரா முனை என்று ஒரு வளைவு இருக்கிறது. அந்தக் காலத்தில் படமெடுப்பவர்களும் வேடிக்கை பார்ப்பவர்களும் கூடிய இடம். யாராவது விழுவார்கள் என்பது அவர்கள் கணக்கு. எனக்கு வாய்த்தது அதற்குக் கொஞ்சம் முந்திய ஓர் இடம். மழைநீர் அரித்த பள்ளம், குறுக்கே முழங்கால் உயரத்துக்குக் கல்படி. நண்பன் முதலில் இறங்கி, கீழே வண்டியைச் சாத்திவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றான். ‘வாடா, பாத்துக்கறேன்’ என்றான். நல்லெண்ணத்தோடுதான் சொன்னான்.

அதுவரை காலையிலிருந்து ஒழுங்காக ஓட்டிக்கொண்டிருந்தேன். அமெரிக்க வண்டியில் வலக்கைப் பிடி பின்பிரேக், இடக்கைப் பிடி முன்பிரேக். நம் ஊரில் தலைகீழ். இதை அவன் கிளம்பும்போதே மூன்று முறை சொல்லியிருந்தான், நானும் மனப்பாடமாக வைத்திருந்தேன். கல்படியின் விளிம்பில் முன்சக்கரம் இறங்கியதும் வேகம் கூடியது. ‘பின்பிரேக்’ என்று மனம் சொன்னது. வாடகை சைக்கிள் காலத்திலிருந்து பின்பிரேக் என்றால் இடக்கை. இடக்கை அழுத்தியது. ஹேண்டில்பாருக்கு மேலாகப் போய்க் குப்புற விழுந்தேன்.

இயற்பியல் பக்கம் எளிது. உடலின் பாரமையம், முன்சக்கரம் தரையைத் தொடும் இடத்திலிருந்து 65 சென்டிமீட்டர் பின்னாலும் 110 சென்டிமீட்டர் உயரத்திலும் இருந்தால் விகிதம் 0.6. சமதளத்தில் முன்பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும், புவியீர்ப்பு முடுக்கத்தில் 0.6 மடங்குக்கு மேல் வேகத்தைத் தணித்தால் பின்சக்கரம் எழும்பிவிடும். 10 மீட்டருக்கு 3 மீட்டர் விழும் சரிவில் அதே ஆள், அதே இருப்பு, ஆனால் எல்லை 0.3க்கும் கீழே. பாதிதான். உடலைப் பின்னுக்கும் கீழுக்கும் தள்ளி, 80 சென்டிமீட்டர் பின்னால், 95 சென்டிமீட்டர் உயரம் என்று ஆக்கினால் 0.5க்குத் திரும்பிவிடலாம். சுமார் இருபது சென்டிமீட்டர் இடுப்பு அசைவு பிரேக்கின் வலுவை ஏறத்தாழ இரட்டிப்பாக்குகிறது. அதற்குக் குறுக்கே நிற்பது சீட். ஜோ பிரீஸும் ஜாஷ் ஏஞ்சலும் 1984இல் சீட்டுக் கம்பியில் ஒரு சுருள்வில்லை மாட்டி, ஓட்டிக்கொண்டே சீட்டை இறக்கி ஏற்ற வழி செய்தார்கள். ஹைட் ரைட் என்று அதற்குப் பெயர். இன்று கட்டை விரலால் ஒரு விசையை அழுத்தினால் சீட் தானே கீழிறங்குகிறது. என் வண்டியிலும் இருந்தது. அழுத்த மறந்தேன்.

மறதிக்கும் கை மாறியதற்கும் இயற்பியலில் பதில் இல்லை. அதற்கு ராபர்ட் ஸையன்ஸிடம் போக வேண்டும். போலந்தில் பிறந்து மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்த உளவியலாளர் (அவர் பெயரைச் சரியாக உச்சரித்தால் நம் காதில் ‘சயின்ஸ்’ என்றே விழும், அது அவருக்கு அமைந்த அதிர்ஷ்டம்). டிரிப்லெட்டுக்குப் பிறகு அறுபது வருடம் ஆய்வுகள் குழம்பிக் கிடந்தன. சிலவற்றில் துணை உதவியது, சிலவற்றில் கெடுத்தது. 1965இல் ஸையன்ஸ் ஒரே வரியில் இரண்டையும் கட்டினார். பக்கத்தில் ஆள் இருப்பது உடலைக் கிளர்த்துகிறது. கிளர்ந்த உடல், தன்னிடம் எது மிகவும் ஊறிய பதிலோ அதைத் தள்ளிவிடுகிறது. ஊறிய பதில் சரியானதாக இருந்தால் வேலை சிறக்கும். தவறானதாக இருந்தால் கெடும்.

இதை நிரூபிக்க அவர் 1969இல் தேர்ந்தெடுத்த விளையாட்டு வீரர்கள் கரப்பான்பூச்சிகள். கரப்பானுக்கு வெளிச்சம் ஆகாது. விளக்கைப் போட்டதும் இருட்டறையைத் தேடி ஓடும். ஒரு பாதை நேர்க்கோடு. மற்றொன்றில் திரும்பிப் போக வேண்டும். இரண்டின் ஓரத்திலும் கண்ணாடி போன்ற பெட்டிகளில் வேறு கரப்பான்களை உட்கார வைத்தார், வேடிக்கை பார்க்க. நேர்ப்பாதையில், பார்வையாளர் இருந்தபோது கரப்பான்கள் வேகமாக ஓடின. திருப்பமுள்ள பாதையில், பார்வையாளர் இருந்தபோது தாமதமாயின. கரப்பானுக்கு மானமோ வெட்கமோ இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. வெறும் இருப்பே போதும்.

மேட்டில் மிதிப்பது நேர்ப்பாதை. முப்பது நாற்பது வருடமாக ஊறிய காரியம், காலுக்கு வேறு பதிலே தெரியாது. நண்பன் வந்தால் கூடுதலாக மிதிக்கும். கல்படியில் இறங்குவது திருப்பமுள்ள பாதை. அங்கே என்னிடம் ஊறியிருந்தது பழைய இடக்கை, காலையில் கற்ற வலக்கை அல்ல. கீழே ஒருவன் கையைக் கட்டிக்கொண்டு நின்றதும் ஊறியது வென்றது. டிரிப்லெட்டின் விறைத்துப்போன பத்துக் குழந்தைகளோடு நான் பதினோராவது.

இதில் இன்னொரு கிளையும் உண்டு. ஆஸ்திரேலியாவில் 2010இல் வெளியான ஆய்வு ஒன்றில், ஸ்கேட்போர்டில் வித்தை காட்டும் இளைஞர்கள் ஓர் அழகான பெண் முன்னிலையில் ஆபத்தான தாவலைப் பாதியில் கைவிட மனமில்லாமல் முடிக்கப் பார்த்தார்கள். வெற்றியும் கூடியது, விழுவதும் கூடியது. எச்சிலில் டெஸ்டோஸ்டிரோன் அளவும் ஏறியிருந்தது. 2005இல் மார்கோ கார்ட்னரும் லாரன்ஸ் ஸ்டைன்பெர்க்கும் கணினியில் கார் ஓட்டும் விளையாட்டை வைத்துப் பார்த்தபோது, நண்பர்கள் சுற்றி நின்றால் பதின்வயதினர் ஆபத்தை அதிகம் துணிந்தார்கள். 24 வயது தாண்டியவர்களிடம் அந்த வித்தியாசம் அநேகமாக இல்லை. எங்கள் இரண்டு பேருக்கும் வயது ஐம்பதை நெருங்குகிறது என்பது ஒரு விதத்தில் பாதுகாப்பு.

விழுந்த இடத்தில் அவன் செய்த காரியம் எனக்கு இன்றும் மதிப்பாக இருக்கிறது. தூக்கிவிடவில்லை. ‘அசையாம இருடா’ என்றான். கழுத்து வலிக்கிறதா, விரல் அசைகிறதா, இன்று என்ன கிழமை, காலையில் என்ன சாப்பிட்டோம் என்று கேட்டான். மூளை அதிர்ந்திருந்தால், அடிபட்டவனுக்கே தான் தெளிவாக இல்லை என்பது தெரியாது. ‘ஒண்ணுமில்ல, போலாம்’ என்று எழுந்து ஓட்டுகிறவன்தான் இரண்டாவது முறை மோசமாக விழுவான். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும். கிழமையைச் சரியாகச் சொன்னேன். இட்லி என்று சொன்னதை அவன் ஏற்கவில்லை, ‘அது தோசை’ என்றான். இட்லிதான் என்பதை இருவரும் பிறகு உறுதிசெய்துகொண்டோம்.

அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, வண்டியை மேலே உருட்டிக்கொண்டு போய், மறுபடி அதே படியின் முன் நின்றேன். கல்லையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பெல்ஜியத்தில் கெண்ட் நகர ஆய்வாளர்கள் சைக்கிள்காரர்களின் கண்ணசைவைப் பதிவுசெய்து பார்த்தபோது, பாதை மோசமாக மோசமாகப் பார்வை தூரத்திலிருந்து சுருங்கி முன்சக்கரத்துக்கு அருகே வந்துவிடுவதைக் கண்டார்கள். பயந்த கண் பக்கத்தில் பார்க்கும். பக்கத்தில் பார்ப்பவனுக்குக் கல் தெரியும், கல்லுக்கு அப்பால் போகும் வழி தெரியாது.

‘நீ அந்த வளைவுக்குப் பின்னால போயிடு’ என்றேன்.

‘ஏன்?’

‘கரப்பான்பூச்சி’ என்றேன். அடிபட்டதில் ஏதோ உளறுகிறேன் என்று நினைத்திருப்பான். ஒரு நிமிடம் என் முகத்தை உற்றுப் பார்த்தான். மறுபடி கிழமையைக் கேட்டான். பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு, டயர் சத்தம் கேட்காத தூரத்துக்குப் போய் மறைந்தான்.

கட்டை விரலால் சீட்டை இறக்கினேன். இடக்கையின் விரல்களைப் பிடியிலிருந்து எடுத்து, ஒரே ஒரு விரலை மட்டும் வைத்தேன். கண்ணைப் படிக்கு அப்பால், அந்த வளைவின் ஓரத்தில் நின்ற லாரல் மரத்தில் வைத்தேன். இடுப்பைப் பின்னால் தள்ளி விட்டுவிட்டேன். முன்சக்கரம் விழுந்தது, பின்சக்கரம் விழுந்தது, அவ்வளவுதான். பத்து மீட்டர் போன பிறகுதான் மூச்சு விட்டேன்.

வளைவைத் தாண்டியதும் அவன் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான்.

‘இறங்கிட்டேன்’ என்றேன்.

என் வண்டியை மேலிருந்து கீழ்வரை பார்த்தான். ‘ஓட்டிக்கிட்டா, உருட்டிக்கிட்டா?’